கடைசிக் கோட்டில் மருமகள்

அத்தியாயம் 14

கேலீன் கார்க் கதவைச் சாத்திய சத்தத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அவள் டீ குடிக்க வரவில்லை என்று. சென்ற வாரம் அவளைக் காரிலிருந்து இறக்கிவிட்டு, நரெலை ஷெட்டுக்குள் மிதிக்க விட்டுவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். ஒரு வாரமாக அவள் மிதித்துக்கொண்டே இருக்கிறாள், பாவம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மார்ட்டன்ஸ் க்ரீக்கில் ஹிங்ஸ்டன் வீட்டு நடையில் நுழைந்தால் இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டுப் பட்டைகள் தொங்கும். கிறிஸ்துமஸ் திருவிழாவில் சைக்கிள் பந்தயம் ஜெயித்தவர்களுக்குத் தோளில் குறுக்காகப் போடும் பட்டைகள். மாமனார் கிளாரிக்கு நான்கு, நாத்தனார் கேலீனுக்கு மூன்று, கணவன் டேரிலுக்கு ஒன்று. மருமகள் நரெலுக்கு ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து திருவிழா நாளன்று அவள் வேலை, கேன்டீன் கூடாரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது.

இந்த வருஷம் அவளுக்கும் ஆசை வந்தது. பிள்ளைகள் மெல்போர்ன் போய்விட்டார்கள், முழங்கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பிறகென்ன? ஆனால் உருளைக்கிழங்கு ஆலையில் ஷிப்ட் மாறி மாறி வரும். ஷிப்ட் முடியும் நேரத்தில் மழை, மழை இல்லாத நேரத்தில் ரோடு முழுக்க மரம் ஏற்றிய லாரிகள். அதனால் ஜூலை மாதக் குளிரில், டெவன்போர்ட்டில் யாரோ வேண்டாமென்று விற்ற டிரெய்னர் ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு இரும்புக் கால், ஒரு உருளை, அவ்வளவுதான். சைக்கிளின் பின்சக்கரத்தை அந்த உருளை மேல் அழுத்தி வைத்து இறுக்கினால், உயிரைக் கொடுத்து மிதித்தாலும் வண்டி ஷெட்டை விட்டுப் போகாது.

மாட்டிக் கொடுத்தவன் டேரில். மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “டிக்கெட் எடுத்தாச்சா? எந்த ஊருக்குப் பயணம்?” என்று கேட்டான்.

முதல் நாள் அவள் செய்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். குளிருகிறதே என்று ஜன்னலைச் சாத்தி, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினாள். ஒரு பாட்டு முடிவதற்குள் சட்டை நனைந்து, கண்ணுக்குள் வியர்வை இறங்கி, தரையில் குளம் கட்டிவிட்டது. காற்று எதிரே வராத இடத்தில் மிதித்தால் உடம்பு தன் சூட்டிலேயே வெந்துபோகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் நாற்காலியில் உட்கார முடியவில்லை. போகப் போகத்தான் கற்றுக்கொண்டாள். எதிரே ஒரு பெரிய ஃபேன், ஹேண்டில்பாரில் ஒரு துண்டு, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை, எடுத்தவுடன் வேகம் பிடிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா மிதிப்பது. ஹேண்டில்பாரில் மாட்டிய ஃபோனில் ஒரு எண் தெரியும், எத்தனை வாட் பலத்தில் மிதிக்கிறாள் என்று. மாதத்துக்கு மாதம் அந்த எண் ஏறியது. தினமும் இறங்கி வந்து அதை டேரிலிடம் சொல்லாவிட்டால் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

இன்று டிசம்பர் மாதத்து ஞாயிறு. சாயங்காலம் கிளப் மைதானத்தில் கிளாரி மார்க் வாசிக்கப் போகிறார். நம் ஊர்ப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதில்லை. வேகமானவர்கள் பின்னால் நிற்க, மெதுவானவர்கள் அவரவர் தகுதிக்கு ஏற்ப அத்தனை மீட்டர் முன்னால் நிற்பார்கள். அந்த மீட்டர் கணக்குக்குத்தான் மார்க் என்று பெயர்; யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர் கிளாரி. அக்டோபர் சோதனை ஓட்டத்தில் நரெல் கடைசியாக வந்ததால், அவளுக்கு இருநூற்று நாற்பது மீட்டர் என்று ஏற்கெனவே காதில் போட்டுவிட்டார். அந்த இருநூற்று நாற்பதில் நின்றால் ஒரு வாய்ப்பு உண்டு. நரெலின் ஆசை முழுக்க அந்த மீட்டர் கணக்கில்தான் இருந்தது.

கேலீன் ஷெட்டுக்குள் வந்தாள்.

“இறங்கு.”

“இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.”

“இறங்குன்னா இறங்கு. இல்லாட்டி ஃபேன் ஒயரைப் புடுங்கிருவேன்.”

நரெல் இறங்கவில்லை. கேலீன் ஒயரைப் பிடுங்கினாள். ஃபேன் முனகி நின்றது.

“என்ன கேலீன், காலையிலயே பேய் புடிச்சிருச்சா?”

“இது யாரு?” கேலீன் தன் ஃபோனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் நரெலின் பெயர். கீழே ஜூலையிலிருந்து நேற்று வரை அவள் ஷெட்டில் மிதித்த ஒவ்வொரு தடவையும், எத்தனை வாட் என்பதோடு.

“இது என் ஃபோன்ல இருக்கிறதாச்சே. உன் ஃபோனுக்கு எப்படி வந்துச்சு?”

“என் ஃபோனுக்கு மட்டுமா? அந்த ஆப்ல ஊர்ல யாரு வேணும்னாலும் பாக்கலாம். திறந்து போட்டுட்டு உள்ள உக்காந்து திருட்டு வேலை பண்ணியிருக்கே. பூட்டக்கூடத் தெரியல.”

“திருட்டா? என்னடி திருட்டு?”

“எரநூத்தி எழுபது வாட், நரெல்! இருபது நிமிஷம் விடாம! நான் பதினாலு வயசுல இருந்து ஓட்டுறேன். என் கால் இதுவரைக்கும் எரநூத்தி நாப்பதைத் தாண்டினதில்ல. நீ அக்டோபர்ல எல்லாருக்கும் பின்னால வாயைப் பொளந்துக்கிட்டு வந்தியே, அதெல்லாம் நடிப்பா? பதுங்கிட்டு இருந்தியா?”

பதுங்குவது என்றால் என்ன என்று இந்தக் கடற்கரை ஊர்களில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். சோதனை ஓட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, நீளமான மார்க் வாங்கி, திருவிழா அன்று பறப்பது. பல பேர் செய்திருக்கிறார்கள். பிடிபட்டவன் மட்டும் பாவி. மார்க் போடுபவரின் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி பதுங்கினாள் என்றால், அந்த வீட்டுக்கு இனி யார் மரியாதை கொடுப்பார்கள்?

நரெல் அப்போதே ‘இல்லை, அன்றைக்கு என் உயிரைக் கொடுத்துத்தான் மிதித்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் கேலீனின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இருந்தது. ஹிங்ஸ்டன் வீட்டில் ஒருத்தி தன்னைப் பார்த்துப் பயப்படுவது அவளுக்கு இதுவே முதல் தடவை. நரெலுக்கு அது இனித்தது. மனுஷிதானே!

“உன்னைவிடப் பெரிய நம்பரா அது?” என்றாள், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. “உறுத்துதா கேலீன்?”

கேலீன் நேரே சமையலறைக்குப் போனாள்.

கிளாரி அங்கே மேஜையில் உட்கார்ந்து, மசாலா போட்ட ஸ்காலப் சிப்பி அடைத்த பேஸ்ட்ரியை முள்கரண்டியால் உடைத்துக்கொண்டே உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். மார்க் எல்லாம் அவர் தலைக்குள்தான். ஒருவரும் குறுக்கே பேசக் கூடாத நேரம் அது. கேலீன் ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கிளாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

“நரெல், இங்க வா.”

நரெல் வியர்வையோடு வந்து நின்றாள்.

“இது உன்னுதா?”

“என்னுதுதான் கிளாரி.”

“நீதான் மிதிச்சியா? வேற எவனாவது ஏறி உக்காந்தானா?”

“நான்தான்.”

“அப்போ அக்டோபர்ல?”

விளையாட்டு வினையானது இப்போதுதான் நரெலுக்கு உறைத்தது. “டிராக் எனக்குப் புதுசுங்க. வளைவுல சாய்ஞ்சு போறப்போ பயமா இருந்துச்சு. சத்தியமா…”

“எவ்வளவு பயம்? எரநூத்தி நாப்பது மீட்டர் பயமா?” கிளாரியின் குரல் ஏறவில்லை, அதுதான் கொடுமை. “மார்க் போட ஆரம்பிச்ச நாள்ல இருந்து இந்தக் கண்ணை எவனும் ஏமாத்தினதில்ல. வெளியூர்க்காரன் வந்து பதுங்குவான், நடையைப் பாத்தே புடிச்சிருவேன். கடைசியில என்னை ஏமாத்தினது யாரு? எனக்கு தினம் டீ போட்டுக் குடுக்கிறவ.”

“நான் யாரையும் ஏமாத்தல.”

“நான் உனக்கு நீள மார்க் குடுத்து, நீ இந்த எழவு எரநூத்தி எழுபதோட பறந்து போயிருந்தா ஊர் என்ன சொல்லும்? கிழவன் மருமகளுக்காக மார்க்கை வித்துட்டான்னு சொல்லும்.”

“ஸ்க்ராட்ச்ல போடுங்கப்பா” என்றாள் கேலீன். “என்கூட நிக்கட்டும்.”

ஸ்க்ராட்ச் என்றால் கடைசிக் கோடு. முன்னால் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. நரெல் வாயைத் திறப்பதற்குள் பின்கதவு வழியாக டேரில் வந்தான், புல் வெட்டிய கையோடு. மேஜையில் இருந்த ஃபோனை எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. “நான்… புல் வெட்டுற மெஷினை உள்ள வச்சுட்டு வந்துடறேன்” என்று வந்த வழியே திரும்பிப் போனான்.

நரெல் அதைப் பார்த்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை.

சாயங்காலம் மைதானத்துக்குப் போகும்போது பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் நரெலும் டேரிலும் மட்டும். கிளாரி மகளின் காரில் முன்னமே போய்விட்டார். மருமகளோடு ஒரே வண்டியில் போக அவருக்கு இஷ்டமில்லை.

ரயில்வே கேட் தாண்டியதும் டேரில் தொண்டையைச் செருமினான். “நரெல், அந்த நம்பரை ரொம்ப மனசுல வச்சுக்காதே.”

“ஏன்?”

“அது… அவ்வளவு சரியில்ல.”

“என்ன சரியில்ல? ஒழுங்காப் பேசு.”

“அந்த டிரெய்னருக்கு நிஜமா உன் பலத்தை அளக்கத் தெரியாது. சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு மட்டும்தான் ஃபோனுக்குத் தெரியும். எந்த மெஷின்னு பேரைச் சொன்னா, இந்த மெஷின்ல இந்த வேகம்னா இவ்வளவு வாட்டுன்னு அதுவா கணக்குப் போடும்.” ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினான். “நான் வேற மெஷின் பேரைப் போட்டுட்டேன். மிதிக்க ரொம்பக் கனமா இருக்குமே, அந்த மெஷின்.”

நரெலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியாமப் போட்டியா?”

டேரில் கியரை மாற்றினான்.

“டேரில், தெரியாமப் போட்டியான்னு கேட்டேன்.”

“நீ ரெண்டாவது நாளே இறங்கி நின்னு அழுதே. நூறுகூட வரல, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ குளிக்கப் போனப்போ பேரை மாத்தினேன். எப்படியும் ரெண்டு வாரத்துல விட்டுருவே, அதுவரைக்கும் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்.”

“விடலையே. அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? தினம் குதிச்சுக்கிட்டு வந்தே.”

“தினம் வந்து சொன்னேன்!” நரெல் கத்தினாள். “இன்னைக்கு எரநூத்தி இருபது, இன்னைக்கு எரநூத்தி அம்பதுன்னு சின்னப் புள்ள மாதிரி வந்து சொன்னேன். நீ டோஸ்ட்டை மென்னுக்கிட்டே பிரமாதம்னு சொன்னே. வயித்துக்குள்ள சிரிச்சியா?”

“சிரிக்கல.”

“பாவம்னு நெனச்சியா? அதுக்கு சிரிச்சிருக்கலாம்.”

வலது பக்கம் கடல் தகதகவென்று கிடந்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“உங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும்” என்றாள். “மார்க் வாசிச்சதும், எல்லார் முன்னாடியும். என் எரநூத்தி நாப்பது எனக்குத் திரும்பி வரணும்.”

“சொல்றேன்.”

“சத்தியமா?”

“சொல்றேன்னு சொல்லிட்டேன்ல.”

மைதானத்தில் சாஸேஜும் வெங்காயமும் வதங்கும் வாசனை. பெஞ்சுகளில் கூட்டம். டேரில் இறங்கியதும் இறங்காததுமாக அடுப்புப் பக்கம் போய் இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டான். கிளாரி ஸ்கோர் போர்டுக்குக் கீழே நின்றார். கையில் காகிதம் கிடையாது. ஆண்கள் மார்க்கை முதலில் சொன்னார்.

“டேரில் ஹிங்ஸ்டன், நூத்தி முப்பது.”

பெஞ்சில் ஒரு முணுமுணுப்பு. டேரிலுக்கு இதுவரை கிடைக்காத நீள மார்க் அது. அவன் முகம் மலர்ந்ததை நரெல் பார்த்தாள். அப்போதே அவளுக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டது.

பிறகு பெண்கள்.

“ஸ்க்ராட்ச், கேலீன் ஹிங்ஸ்டன்.” இது வருஷா வருஷம் கேட்பதுதான். கடைசிக் கோட்டில் கேலீன் தனியாக நிற்பாள். மாறி மாறி முன்னால் போய் எதிர்காற்றைப் பங்கு போட்டுக்கொள்ள ஆளில்லாமல் தனியாகவே துரத்துவாள். அதனால்தான் அவள் பட்டை வாங்கி இத்தனை காலம் ஆகிறது. ஆனால் கிளாரி அங்கே நிறுத்தவில்லை. “நரெல் ஹிங்ஸ்டன், ஸ்க்ராட்ச்.”

பெஞ்சுகளில் தலைகள் நரெல் பக்கம் திரும்பின. கிளாரி அதைச் சட்டை செய்யவில்லை. “கடைசிக் கோட்டுல இந்தத் தடவை ரெண்டு பேரு. மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டு வேகமா வந்துடுவாங்க. அதனால மத்த பொம்பளைங்க எல்லாருக்கும் போன வருஷத்தைவிட இருபது மீட்டர் கூட.” மற்ற பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்தார். “ஆட்சேபம் இருக்கிறவங்க இப்பவே சொல்லுங்க.”

நரெல் டேரிலைப் பார்த்தாள். டேரில் வெங்காயத்தைப் புரட்டினான். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை, அது ஏற்கெனவே கருகிவிட்டது.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளே எழுந்தாள்.

“எனக்கு ஆட்சேபம் இருக்கு கிளாரி. என் நம்பர் பொய். ஃபோன்ல மெஷின் பேரு தப்பா இருந்திருக்கு. நிஜமா நான் அவ்வளவு மிதிக்கல. அக்டோபர்ல கடைசியா வந்தேனே, அதுதான் நான். அன்னைக்கு என்கிட்ட இருந்தது அவ்வளவுதான்.”

ஊர் கூடிய இடத்தில், ‘நான் பலவீனமானவள்’ என்று உரக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நரெலின் காது இரண்டும் சிவந்துவிட்டது.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். “மாட்டிக்கிட்டா எல்லாரும் மெஷின் மேலதான் பழியைப் போடுவாங்க!” சிரிப்பு கிளம்பியது.

“வீட்டுக்கு வந்து ஃபோனைப் பாருங்க. ஷெட்லதான் இருக்கு.”

“அதுக்குள்ள போயி எந்தப் பேரை வேணா மாத்தி வச்சுக்கலாமே அம்மணி!” இன்னும் சிரிப்பு.

கிளாரி கையைத் தூக்கினார். சிரிப்பு அடங்கியது. “மெஷினை மாட்டினது யாரு?”

“டேரில்” என்றாள் நரெல்.

எல்லாத் தலையும் அடுப்புப் பக்கம் திரும்பியது. டேரில் அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நூற்று முப்பது மீட்டரும் தெரிந்தது. எண்ணில் விளையாடியவன் என்று ஒப்புக்கொண்டால் அது போய்விடும். அவருக்குத் தாட்சண்யம் கிடையாது.

“நான் சக்கரத்தை மாட்டினேன்பா. அவ்வளவுதான்” என்றான். “ஃபோன்ல என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?”

நரெல் அவனைத் திட்டவில்லை. அடுப்புக்குப் பக்கத்து மேஜையில் அவன் வைத்திருந்த யூட் சாவியை எடுத்துக்கொண்டாள். பின்னால் கிளாரி “மார்க் மார்க்தான்” என்று சொன்னது காதில் விழுந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போனாள்.

போனவள் அழுவாள் என்றுதானே நினைப்பீர்கள்? அழவில்லை. ஷெட் கதவை உள்ளே தாழ் போட்டாள். ஃபோனை எடுத்து, டிரெய்னர் காலில் பொறித்திருந்த பெயரைப் பார்த்து, அந்தப் பெயரையே தேடிப் பிடித்து மாற்றினாள். வேலை அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலைக்கு இத்தனை மாதம். ஃபேனைப் போட்டுவிட்டு ஏறி மிதித்தாள். உடம்பு சூடானதும் வேகத்தைக் கூட்டினாள். அதே கால்வலி, அதே மூச்சு. உருளையில் தேய்ந்து சூடாகும் டயர் வாசனைகூட அதேதான். திரையில் நூற்று ஐம்பத்தைந்து.

ஜூலையில் நூறுகூட வரவில்லை என்று அழுதவள் அவள். நூற்று ஐம்பத்தைந்து ஒன்றும் கேவலம் இல்லை. யாராவது அதை உண்மையாகவே சொல்லியிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் டேரில் திருடிவிட்டான். அதை நினைத்தபோது வந்த கோபத்தில் எண் கொஞ்ச நேரம் நூற்று எண்பதைத் தொட்டது.

வெயில் இன்னும் கூரையை விட்டு இறங்காத நேரத்தில் கேலீனின் கார் வந்து நின்றது. இந்தத் தடவை கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

“நரெல், கதவைத் திற.”

“போயிடு.”

“அவன் வெங்காயத்தைப் புரட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. பொய் சொல்றப்போ அவன் கை சும்மா இருக்காது. அப்பா கிளப்லயே இருந்துட்டாரு, இவனைக் கார்ல வச்சு நாலு கேள்வி கேட்டேன், எல்லாத்தையும் கக்கிட்டான் நாயி. பாலத்துகிட்ட இறக்கி விட்டுட்டேன். நடந்து வரட்டும்.”

நரெல் மிதிப்பதை நிறுத்தவில்லை.

“காது கேக்குதா? அப்பாகிட்ட நான் சொல்றேன். நான் சொன்னா கேப்பாரு. நாளைக்கே உன் எரநூத்தி நாப்பது உனக்கு வந்துடும்.”

உருளையின் சத்தம் தேய்ந்து நின்றது. இதோ, கேட்டது கிடைத்துவிட்டது. ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டைக்கு வழி திறந்துவிடும். நரெல் ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“உனக்கு என்ன லாபம் இதுல?” என்று கேட்டாள். “நீ திடீர்னு நல்லவளா ஆகிற ஆளில்லையே.”

கதவுக்கு வெளியே ஒரு பெருமூச்சு. “நீ பெரிய பலசாலின்னு நெனச்சு அப்பா எல்லாருக்கும் இருபது மீட்டர் கூடக் குடுத்துட்டாரு. நீ முதல் சுத்துலயே கழண்டுருவே. அப்புறம் நான் ஒண்டியா அந்த இருபதையும் சேர்த்துத் துரத்தணும். போதுமா? இப்போ திற.”

“நான் எழுந்து நின்னு சொன்னேன் கேலீன். என் வாயால, அத்தனை பேர் முன்னாடி. சிரிச்சாங்க. நீயும் பக்கத்துல நின்னே.”

“அப்போ எனக்கு நிச்சயமாத் தெரியாதுல்ல?”

“வெங்காயம் புரட்டினப்பவே தெரிஞ்சதுன்னு இப்பத்தானே சொன்னே?”

வெளியே கேலீன் ஜல்லியை உதைக்கும் சத்தம் கேட்டது.

“என் வார்த்தைக்குக் கிடைக்காதது உன் வார்த்தைக்குக் கிடைச்சா, எனக்கு அது வேண்டாம்” என்றாள் நரெல். “டேரில் சொல்லணும். அவன் வாயால, அதே இடத்துல, அதே ஆளுங்க முன்னாடி. அதுவரைக்கும் நான் ஸ்க்ராட்ச்தான். அதுக்கு முன்னால நீ உங்கப்பாகிட்ட போனேன்னு வச்சுக்க, ஆமா பதுங்கித்தான் ஓட்டினேன், கேலீன் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு ஊர் முன்னாடி நானே சொல்லுவேன். அதை எல்லாரும் நம்புவாங்க.”

“உனக்குப் பைத்தியமா? அவன் எப்படி சொல்வான்? சொன்னா அவன் மார்க் போயிடும். செத்தாலும் சொல்ல மாட்டான்.”

“அப்போ கடைசிக் கோட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா நிப்போம். ஒண்ணாவே தோப்போம்.”

மறுபடியும் உருளை சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு ஷெட்டின் தகரமே அதிரும்படி.

கேலீன் கதவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். திறக்கவில்லை. திரும்பித் தெருவைப் பார்த்தாள். தூரத்தில், தபால் பெட்டிகளைத் தாண்டி, தலையைக் குனிந்தபடி டேரில் நடந்து வந்துகொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் நின்றான். கேலீன் ஷெட் கதவை விட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே அவனை நோக்கி நடந்தாள்.